மல்லிகா கடைத் தண்ணீர்

காவேரிக்கு உட்கார்ந்தால் கால் ஆடும். ஆடுகிற காலைப் பிடித்து நிறுத்தினால் கை எதையாவது நோண்டும். கையையும் கட்டிப்போட்டால் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவாள். சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். "ஒரு எடத்துல இருக்க மாட்டயா கண்ணு" என்று அம்மா மல்லிகா கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கேட்பதையே விட்டு வெகு காலம் ஆகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கால் மட்டுமல்ல, மனசும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

ஏற்காடு ஏரிக்கு எதிர்ச்சரிவில் மல்லிகாவின் டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை, போதாக்குறைக்கு மூடுபனி. பனியைப் பார்க்கவென்றே கீழேயிருந்து கார்கள் வரிசை கட்டி ஏறி வந்திருந்தன. அப்பா அடிவாரத்துக்குச் சரக்கெடுக்கப் போயிருந்ததால் காவேரிதான் பஜ்ஜிக்கு மாவு கரைத்தாள், கிளாஸ் கழுவினாள், நடுநடுவே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பதில் போடாமல் வைத்தாள். வைத்த கையோடு மறுபடி எடுத்தாள்.

போனில் இருந்தது விஜயகுமாரின் செய்தி. கல்லூரியில் அவளோடு லேப்பில் ஜோடி சேர்ந்தவன், சேலத்துப் பையன். "நான் எல்லா ரீடிங்கையும் சரி பண்ணிட்டேன். நீ ஓகேன்னு ஒரு வார்த்தை போடு, காலையில பிரிண்ட் எடுத்துடறேன்" என்று எழுதியிருந்தான். அவள் படித்துவிட்டாள் என்பது அவனுக்கும் தெரியும். அதனால் அதற்குக் கீழே வரிசையாகக் கேள்விக்குறிகளாக அனுப்பிக்கொண்டிருந்தான்.

அவன் எதைச் சரி பண்ணினான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். காவேரி படிப்பது கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அதில் ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர் என்று ஒரு பாடம். சூடு எப்படி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது, ஈரம் எப்படிக் காற்றில் கலக்கிறது, ஆவி எப்படித் தண்ணீராகிறது என்று பக்கம் பக்கமாகச் சொல்லித் தருவார்கள். பாடத்தோடு லேப்பும் உண்டு. இந்த முறை ஜீவானந்தம் சார், இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு கருவியை நீங்களே கட்டுங்கள், ரீடிங்கும் நீங்களே எடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

காவேரியும் விஜயகுமாரும் கட்டியது ஒரு பெரிய குழாய், அதற்குள் ஒரு சின்னச் செப்புக் குழாய், அவ்வளவுதான். உள்குழாயில் சுடுதண்ணீர் ஓடும், வெளிக்குழாயில் பச்சைத் தண்ணீர் ஓடும். சுடுதண்ணீர் சூட்டைக் கொடுக்கும், பச்சைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்று கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். வாங்கியது கொஞ்சம் குறைந்தால் பாதகமில்லை, காற்றுக்குக் கொஞ்சம் போயிருக்கும். ஆனால் காவேரியின் கருவியில் வாங்கியது கொடுத்ததைவிட அதிகமாக வந்தது. ஏதோ ஒரு தடவை என்றால் கைத்தவறு என்று விட்டுவிடலாம். எடுத்த தடவையெல்லாம் அப்படியே வந்தது.

மற்ற ஜோடிகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்களுக்கெல்லாம் கணக்கு கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது. ஏன் வராது? தண்ணீரை ஓடவிட்டு, சூடு ஒரு நிலைக்கு வந்து, எண்கள் அசையாமல் நிற்கிற வரைக்கும் காத்திருந்துதான் ரீடிங் எடுக்க வேண்டும். அதுவரை யார் நிற்பது? அதற்கென்று அந்தக் கல்லூரியில் காலங்காலமாக ஒரு வழக்கம் இருக்கிறது. என்ன விடை வர வேண்டும் என்று சீனியரைக் கேட்டுக்கொண்டு, விடையிலிருந்து பின்பக்கமாக நடந்து வந்து ரீடிங்கை எழுதிவிட்டுக் கான்டீனுக்குப் போய்விடுவார்கள். ஒரேயடியாகப் பொருந்தினால் சந்தேகம் வருமே, அதற்காக அங்கங்கே கொஞ்சம் பிசிறும் வைப்பார்கள். பிசிறு வைப்பதில் கைதேர்ந்தவனுக்கு ஹாஸ்டலில் தனி மரியாதை. சார்களுக்கும் இது தெரியாததல்ல. அவர்களும் ஒரு காலத்தில் இப்படி எழுதிவிட்டு வந்தவர்கள்தானே.

வேடிக்கை என்னவென்றால், ஒரு நிமிஷம் உட்காரத் தெரியாத காவேரி மட்டும்தான் அந்த வகுப்பிலேயே உண்மையாகக் காத்திருந்தவள். அவளைப் பொறுமைசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குழாயைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், நகத்தைக் கடித்தாள், எண் இன்னும் ஆடுகிறதே என்று தண்ணீரைத் திட்டினாள். ஆனால் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. எண் நின்ற பிறகுதான் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை ஜீவானந்தம் சார் வகுப்பில் இவர்கள் கொடுத்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். நல்ல வாத்தியார்தான். கரும்பலகையில் அவர் ஒரு படம் போட்டால் மந்தமான பையனுக்கும் மண்டையில் ஏறிவிடும். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"ஏம்மா காவேரி, சுடுதண்ணி கொடுத்ததை விட உன் பச்சைத்தண்ணி அதிகமா வாங்கியிருக்குது. மிச்ச சூட்டை யாரு கொடுத்தா, உங்க ஏற்காட்டுப் பனியா?"

வகுப்பு சிரித்தது.

"நெசமா எடுத்த ரீடிங்குங்க சார்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஊட்டுல உக்காந்து எழுதறதுன்னு ஆயிடுச்சு, அதையாச்சும் கொஞ்சம் புத்தியோட எழுதக் கூடாதா? திங்கக்கிழமை ஒழுங்கான ரீடிங்கோட வாங்க, கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா பிராக்டிகல் எக்ஸாமுக்கு உள்ள வர முடியாது."

உள்ளே வர முடியாது என்றால் அரியர். அரியர் இருந்தால் வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனிக்காரன் எதிரில் போய் உட்கார முடியாது. அது பெரிய அடிதான், ஆனால் அவளை அரித்தது அது அல்ல. பொய் எழுதிய அத்தனை பேரும் உட்கார்ந்து சிரிக்க, நிஜத்தை எழுதியவள் பொய்க்காரியாக நின்றாளே, அதுவும் பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத பொய்க்காரியாக. அந்தச் சிரிப்பு இரண்டு நாளாக அவள் காதை விட்டுப் போகவில்லை. விஜயகுமார் சொல்கிறபடி ஓகே என்று ஒரு வார்த்தை போட்டால் கையெழுத்து கிடைத்துவிடும். கூடவே, சார் சொன்னதெல்லாம் சரி என்றும் ஆகிவிடும்.

கல்லூரியை விட்டு வரும்போது லேப் உதவியாளர் மாதையனிடம் கெஞ்சி ஒரு பாதரசத் தெர்மாமீட்டரை வாங்கிப் பழைய துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கருவியும் அதில் சூட்டை அளக்கிற சென்சார்களும் கீழே கல்லூரியில் இருக்க, தெர்மாமீட்டரை மட்டும் மலை மேல் கொண்டுவந்து எதை அளப்பது என்று அவளுக்கே தெரியாது. வெறுங்கையோடு வர முடியவில்லை, அவ்வளவுதான்.

"என்னம்மா டீ இது, சூடே இல்லையே" என்றார் கம்பளித் தொப்பி போட்ட ஒரு மனிதர். கிளாஸைத் திருப்பி மேசை மேலேயே வைத்துவிட்டார்.

"ஏனுங்க, கொதிக்கக் கொதிக்கத்தானுங்க ஊத்துனேன்" என்றாள் மல்லிகா. "பனியில கைக்கு வாரதுக்குள்ள ஆறிப்போவுதுங்க."

"எங்க ஊர்ல கொதிச்ச டீன்னா நாக்கு வெந்துடும். உங்க தண்ணி சரியாக் கொதிக்கல போல."

மற்ற நாளாக இருந்தால் காவேரி காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு மூக்கு நுனியில் கோபம்.

"கொதிக்கறதுன்னா நூறு டிகிரிங்க. அதுக்கு மேல சூடு வேணும்னா நாங்க எங்கிருந்துங்க கொண்டாறது?"

"நூறுன்னு நீ அளந்து பாத்தியாம்மா?"

கேட்டவர் விளையாட்டாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் காரிலிருந்து மனைவி கூப்பிட, அந்தப் பக்கம் போயும்விட்டார். காவேரிக்குத்தான் பொறுக்கவில்லை. போய்ப் பையைத் திறந்து துண்டைப் பிரித்தாள். அடுப்பில் வெந்நீர் நிறைந்த போசி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரை அதில் இறக்கிப் பிடித்தாள்.

பாதரசம் விறுவிறுவென்று ஏறியது. எண்பது, தொண்ணூறு என்று ஏறி, தொண்ணூற்று ஐந்தில் நின்றது. இன்னும் ஏறும் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். ஏறவில்லை. அடுப்பைக் கூட்டினாள். தண்ணீர் போசிக்கு வெளியே குதித்து அடுப்பில் விழுந்து சீறியது, பாதரசம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"கண்ணு, கேஸை எதுக்கு இந்த எரி எரிய விடற?" என்றாள் மல்லிகா.

மாதையன் அண்ணன் ஓட்டைத் தெர்மாமீட்டரைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் காவேரிக்கு முதலில் தோன்றியது. பக்கத்து ஜூஸ் கடைக்கு ஓடி ஒரு டம்ளரில் ஐஸ் வாங்கி வந்து அதில் வைத்துப் பார்த்தாள். பாதரசம் இறங்கிப் பூஜ்யத்தில் கச்சிதமாக நின்றது. மறுபடி போசியில் வைத்தாள். மறுபடியும் தொண்ணூற்று ஐந்து.

தெர்மாமீட்டரில் பழுதில்லை. அப்படியானால் பழுது எங்கே?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையில் தெர்மாமீட்டரோடு அப்படியே நின்றுவிட்டாள். ஒரு திரவத்தின் ஆவி அழுத்தம் எப்போது வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகிறதோ அப்போது அது கொதிக்கிறது. இரண்டு மார்க் கேள்வி அது. இரண்டு மார்க்கும் வாங்கியிருக்கிறாள். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலை எவ்வளவு குறையும் என்று பரீட்சைக்குப் பரீட்சை கணக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் கணக்குகளிலெல்லாம் எங்கோ பேர் தெரியாத ஒரு மலையுச்சி வரும். தான் பிறந்து வளர்ந்து நிற்கிற இடமும் ஒரு மலையுச்சிதான் என்பது ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. இங்கே காற்று லேசு. நூறு வரைக்கும் தண்ணீர் காத்திருப்பதில்லை, தொண்ணூற்று ஐந்திலேயே கொதித்துவிடுகிறது. அவள் பிறந்ததிலிருந்து குடித்த டீயெல்லாம் அதில் போட்டதுதான்.

சரி, இதற்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. கருவியில் நான்கு சென்சார்கள். மலிவாக வாங்கியவை, தாமாக எதுவும் அறியாதவை. ஐஸ் தண்ணீரில் வைத்து இதுதான் பூஜ்யம் என்றும், கொதிக்கிற தண்ணீரில் வைத்து இதுதான் நூறு என்றும் அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். லேப்பில் அடுப்புக்கு வரிசை நின்றது. வரிசையில் நிற்க காவேரியால் ஆகுமா? "எங்க கடையில பொழுதன்னைக்கும் தண்ணி கொதிச்சிக்கிட்டுத்தான் கெடக்குது, ரெண்டை நான் எடுத்துட்டுப் போறேன்" என்று இரண்டு சென்சார்களைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மற்ற இரண்டையும் விஜயகுமார் கல்லூரியிலேயே வைத்து முடித்தான். அவனுடையவை சுடுதண்ணீர்ப் பக்கம் போயின. அவளுடையவை பச்சைத் தண்ணீர்ப் பக்கம் போயின.

இந்தப் போசியில், இதே அடுப்பில் வைத்துத்தான் தொண்ணூற்று ஐந்தைக் காட்டி, இதுதான் நூறு என்று அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பாவம், அவை நம்பிவிட்டன. அன்றிலிருந்து அவை பார்த்த சூட்டையெல்லாம் கொஞ்சம் கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தன. பச்சைத் தண்ணீர் வாங்கியது அதிகமாகத் தெரியாமல் என்ன செய்யும்?

சிரிப்பு வந்தது அவளுக்கு. ரீடிங் நிஜம். ஆனால் தப்பு அவளுடையது. இரண்டு நாளாக சாரை மனசுக்குள் என்னென்ன திட்டியிருந்தாளோ அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அம்மா, நம்ம தண்ணி நூறுல கொதிக்கல. அஞ்சு கம்மி."

மல்லிகாவுக்குச் சுருக்கென்றது. "நம்ம தண்ணிக்கு என்ன குறை? நம்ம ஊத்துத் தண்ணி மாதிரி கீழ குடிச்சிருக்கியா நீ?"

"தண்ணிக்கு குறை இல்லம்மா. இங்க காத்து லேசு."

"லேசான காத்துன்னுதான் காரைப் போட்டுக்கிட்டு இத்தன பேரு வாராங்க. அந்தக் கிளாஸைக் கழுவு சாமி, நாலு பேரு நிக்கறாங்க பாரு."

கிளாஸைக் கழுவிவிட்டு, கடைக்குப் பின்னால் போய் நின்று போனிலேயே கணக்குப் போட்டாள். பச்சைத் தண்ணீர்ப் பக்கத்து ரீடிங் ஒவ்வொன்றையும் அதன் உண்மையான அளவுக்குக் குறைத்தாள். குறைத்துவிட்டுப் பார்த்தால், வாங்கியது கொடுத்ததைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவு காற்றுக்குப் போனது. எடுத்த ரீடிங்கெல்லாம் ஒன்று விடாமல் அப்படியே வந்தது. பனிக்குள் தனியாக நின்று ஒரு குதி குதித்தாள். சந்தோஷம் தாங்கவில்லை. விஜயகுமாருக்கு, "அதை பிரிண்ட் எடுக்காத. காலையில நான் வர்றேன்" என்று அனுப்பினாள். அவன் மறுபடியும் கேள்விக்குறிகளையே அனுப்பினான்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் இறங்கினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொண்டையூசி வளைவுகளில் பஸ் இறங்க இறங்க வழக்கம்போலக் காது அடைத்தது. வழக்கம்போல எச்சிலை விழுங்கினாள், காது திறந்துகொண்டது. வாரா வாரம் காது அடைக்கிறது, வாரா வாரம் எச்சிலை விழுங்குகிறாள். காற்றழுத்தம் மாறுகிறது என்று அவள் காதே வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. படித்தது புஸ்தகத்திலும் அடைத்தது காதிலுமாக இருந்துவிட்டது என்று நினைத்து, தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒரு மாதிரி பார்த்தார்.

லேப் வாசலில் விஜயகுமார் காத்திருந்தான். அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததை முழுக்கக் கேட்டான். பிறகு தன் போனில் இருந்த எண்களையும் அவள் கொண்டுவந்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"ஏன் காவேரி, நான் எழுதினதும் இதுவும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான இருக்குது. புள்ளிக்கு அந்தப் பக்கம்தான் வித்தியாசம். இதுக்கா நேத்து பூரா என்னைத் தவிக்க விட்டே?"

அவன் சொன்னது உண்மைதான். அவன் விடையிலிருந்து பின்பக்கமாக நடந்து போய்ச் சேர்ந்த இடமும், அவள் தண்ணீரோடு முன்பக்கமாக நடந்து வந்து சேர்ந்த இடமும் ஒன்றே. காகிதத்தில் பார்க்கிறவர்களுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? காவேரிக்கு அதுவரை இது தோன்றவில்லை. இருந்தாலும் அவளுடையதைத்தான் பிரிண்ட் எடுத்தார்கள்.

ஜீவானந்தம் சார் மேசையைச் சுற்றிக் கூட்டம். இவர்கள் முறை வந்ததும் ரிப்போர்ட்டை வாங்கி நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார். கொடுத்தது, வாங்கியது, வித்தியாசம். மூன்றையும் பேனா முனையால் தொட்டுக்கொண்டு வந்தார்.

"சார், நம்ம சென்சாருல ஒரு..." என்று ஆரம்பித்தாள் காவேரி.

"ம், இப்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்றார் அவர். முகத்தில் ஒரு சிரிப்பு. கேலி இல்லை, பாராட்டுத்தான். "இதை மொதல்லயே செஞ்சிருந்தா அன்னைக்கு நான் கத்தியிருக்க மாட்டேன்ல." சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"எழுதலைங்க சார். எடுத்தது."

"சரிம்மா, சரி. அடுத்தது யாரு?"

விஜயகுமார் அவள் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கூட்டிவந்தான். வராந்தாவில் வகுப்பே நின்றுகொண்டிருந்தது. "போட்டாச்சா? போட்டாச்சா?" என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை சிரித்தவர்கள்தான் அவர்கள். ஒருத்தி தோளில் தட்டி, "அப்பாடா, உனக்கும் கடைசியில எழுத வந்துடுச்சு" என்றாள். அவளுக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

கையெழுத்து கையில் இருக்கிறது. அரியர் இல்லை, பரீட்சைக்குத் தடை இல்லை. போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் எல்லாம் முடிந்தது. காவேரி வராந்தாவின் ஒரு கோடிக்கு நடந்தாள், மறு கோடிக்கு நடந்தாள். பொய் சொன்னாய் என்று திட்டியபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. இப்போது பொய்யை நன்றாகச் சொன்னாய் என்று பாராட்டிவிட்டார்.

"வேண்டாம் காவேரி" என்றான் விஜயகுமார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "போட்ட கையெழுத்தைக் கெடுத்துக்காத. எனக்கும் சேத்துத்தான் கெடும்."

"கெட்டா தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன். நீ கான்டீனுக்குப் போ."

அவன் போகவில்லை. அவளுக்குப் பின்னாலேயே லேப்புக்குள் வந்தான்.

அவள் கருவியிடம் போய்ப் பச்சைத் தண்ணீர்ப் பக்கத்துச் சென்சார் ஒன்றைத் திருகிக் கழற்றினாள். மாதையனிடம் ஒரு பீக்கரில் தண்ணீர் வாங்கி, சாரின் மேசைக்கு எதிரில் இருந்த மின்னடுப்பில் வைத்தாள். சென்சாரையும் பாதரசத் தெர்மாமீட்டரையும் சேர்த்து அதில் இறக்கினாள்.

"ஏம்மா, கையெழுத்துதான் போட்டாச்சே. இன்னும் என்ன?"

"தண்ணி கொதிக்கிற வரைக்குங்க சார். அது வரைக்கும் இருங்க சார், போதும்."

மின்னடுப்பை முழுக்கத் திருகிவிட்டு அங்கேயே நின்றாள். அதனாலோ என்னவோ, அவர் அடுத்த ரிப்போர்ட்டைத் திறக்காமல் பேனாவை மூடி வைத்தார்.

அடுப்பு மெதுவாகச் சூடேறியது. காவேரிக்குக் கால் ஆடியது. சென்சாரோடு இணைந்த சின்னத் திரையில் எண்கள் ஏறின. எழுபது, எண்பது, தொண்ணூறு. பீக்கரின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. தொண்ணூற்று ஏழு, தொண்ணூற்று எட்டு என்று போய்த் திரை நூறைக் காட்டியது. தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை.

ஜீவானந்தம் சார் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

நூற்று ஒன்று. நூற்று இரண்டு. அப்போதுதான் கீழேயிருந்து பெரிய குமிழிகள் கிளம்பின. நூற்று மூன்று. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. நூற்று நான்கில் எண் நின்றது, அதற்கு மேல் அசையவில்லை. பக்கத்தில் பாதரசம் தொண்ணூற்று ஒன்பதைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவர் திரையைப் பார்த்தார், பாதரசத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். நல்ல வாத்தியார் என்று சொன்னேனே. அவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"இந்த சென்சாருக்கு நூறு எங்க வெச்சுச் சொல்லிக்கொடுத்தே?"

"எங்க அம்மா கடையில சார். ஏற்காட்டுல."

"அங்க எவ்வளவுல கொதிக்குது?"

"தொண்ணூத்தஞ்சுங்க சார். நேத்துதான் தெரிஞ்சுது. நாங்க அங்கயே இருக்கறவங்க சார், ஆனாலும் தெரியல."

அவர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினார். இந்தத் தடவை முதல் பக்கத்திலிருந்து படித்தார். பழைய ரீடிங், குறைத்த ரீடிங், குறைத்ததற்குக் காரணம். அவள் எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்திருந்தாள். கடைசிப் பக்கம் ஒன்றை மட்டும் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"அப்போ தப்பு யாருது?"

"என்னுதுங்க சார். விஜயகுமாருது இல்ல."

"ரீடிங்?"

"நெசம் சார்."

அவர் பேனாவைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் தான் போட்டிருந்த கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். விஜயகுமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அடித்த கையெழுத்துக்குக் கீழேயே ஜீவானந்தம் சார் இன்னொரு கையெழுத்தை நிதானமாக, முழுப் பெயராக எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"வெளிய நிக்கறாங்கல்ல, எல்லாரையும் உள்ள கூப்பிடும்மா. அன்னைக்கு அவங்களை வெச்சுக்கிட்டுத்தானே உன்னைச் சொன்னேன்."

காவேரி வாசலுக்குப் போகத் திரும்பினாள். கண்ணீர் கண்ணை மறைத்தது. விஜயகுமார், "நான் கூப்பிடறேன், நீ உக்காரு" என்று அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான். காவேரி உட்கார்ந்தாள். எதிரில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது, திரையில் நூற்று நான்கு அசையாமல் நின்றது. வகுப்பு முழுவதும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து சேரும்வரை அவளுக்குக் கால் ஆடவில்லை.